6×4 அடி மேசைக்கு ஏற்ற, அதிகம் ஆடப்படாத நெப்போலியன் காலப் போர்கள் எவை?

வரைபடப்பித்தன்:

சிற்றுருவப் படைகளை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன். ஆஸ்டர்லிட்ஸ், போரோடினோ, வாட்டர்லூ மூன்றும் இந்த முறை வேண்டாம். மேசை 6×4 அடி, உருவங்கள் 15 மி.மீ. பக்கத்துக்கு இருவர் என நால்வர் ஆடுவோம். நேரம் ஐந்து மணி. அதில் மேசை அடுக்கவே அரை மணி போய்விடும். கையிருப்பு: பிரெஞ்சு 14 பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு), ரஷ்யா 12, ஆஸ்திரியா 10, பிரிட்டன் 8. குதிரைப்படை ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு மூன்று ரெஜிமென்ட் தேறும். பட்டாலியனை ஓர் அலகாகக் கொண்ட விதிகள்தான் ஆடுகிறோம். பிரிகேடை (பல பட்டாலியன் சேர்ந்தது) அலகாகக் கொண்ட விதிகளும் கைவசம் உண்டு.

ஒருவர் மேட்டில் உட்கார்ந்து பகடை உருட்டுவார், மற்றவர் நாலு மணி நேரம் ஏறி ஏறி வந்து சாவார். அந்த மாதிரிப் போர் மட்டும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் முடிவெடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அதிகம் ஆடப்படாததாக இருந்தால் நல்லது, யாருக்கும் விடை முன்பே தெரிந்திருக்காது.

மூன்றாம்வரிசை:

போரின் பெயரைத் தேடும் முன் மேசையை அளந்துவிடுங்கள். பாதிப் பட்டியல் அங்கேயே கழிந்துவிடும்.

மூன்று ஆள் ஆழ வரிசையில் 600 பேர் நின்றால் 200 கோப்பு (ஒருவர் பின் ஒருவராக மூவர்). ஓர் ஆளுக்குத் தோள் அகலம் சுமார் 55 செ.மீ. என்று வைத்தால் 110 மீட்டர். உங்கள் பேஸ் (உருவங்களை ஒட்டிய அடித்தட்டு) 40 மி.மீ. என்றால் மூன்று பேஸ் 12 செ.மீ. ஆக, 1 செ.மீ.க்கு 10 மீட்டர், ஒரு பேஸுக்கு 200 பேர் என்ற கணக்கு கிட்டத்தட்டக் கச்சிதமாக உட்காரும். 6 அடி மேசை 1.8 கி.மீ., 4 அடி 1.2 கி.மீ. மஸ்கெட்டின் பயனுள்ள தூரமான 100 மீட்டருக்கு 10 செ.மீ., கேனிஸ்டருக்கு (பீரங்கி அருகில் சுடும் சிதறு குண்டு) 30 முதல் 40 செ.மீ., குண்டுக்கு 80 செ.மீ. போல.

பட்டாலியன் விதியில் ஆடுவதென்றால் 2 கி.மீ.க்குள் அடங்குகிற போர்தான் உங்களுக்கு. ராப் (ஹங்கேரி, 1809 ஜூன் 14, பிரெஞ்சு எதிர் ஆஸ்திரியா) அருமையான போர். கிஷ்மெக்யெர் பண்ணைச் சண்டை, பாஞ்சா ஓடை, ஹங்கேரியப் பிரபுக்கள் திரட்டிய அரைகுறைப் பயிற்சிக் குதிரைப்படை எல்லாம் அதில் உண்டு. ஆனால் இரு பக்கமும் சேர்த்து 70,000க்கு மேல். பட்டாலியன் பட்டாலியனாக வைத்தால் மேசை முழுக்கத் தோளோடு தோள் நிற்பார்கள், நகர இடம் இருக்காது. அதைப் பிரிகேட் விதிக்கு ஒதுக்கிவையுங்கள், இல்லையேல் பண்ணையை மட்டும் வெட்டியெடுத்து ஆடுங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: வரிசையாக விரித்தால் உங்கள் பட்டாலியன்கள் மேசை நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் போனால் சுற்றிவளைப்புக்கு இடமில்லை. பாதிக்குக் கீழே இறங்கினால் எல்லாரும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

பகடைப்பத்து:

அந்தக் கணக்குப்படி முதல் பெயர் மைடா. 1806 ஜூலை 4, இத்தாலியின் கலாப்ரியா. பிரிட்டிஷ் தரப்பில் ஜான் ஸ்டூவர்ட், சுமார் 5,200 பேர். பிரெஞ்சு தரப்பில் ரேனியே, ஏறக்குறைய அதே அளவு. பழைய எழுத்துகளில் 6,400 வரை போகும், சுமார் 5,400 என்பதே மேசைக்குச் சரி. பிரிட்டிஷாருக்குக் குதிரைப்படையே கிடையாது, பிரெஞ்சுக்காரர்களிடம் 9வது ஷாஸர் (இலகு குதிரைப்படை) இருந்தது. ஒரே மாலையில் முடியும்.

பிரிட்டன்: வலது கோடியில், லமாத்தோ ஆற்றை ஒட்டி, கெம்ப்டின் லைட் (இலகு காலாட்படை) பட்டாலியன், கூடவே கோர்சிகன் ரேஞ்சர்ஸும் சிசிலியர்களும். அடுத்து ஆக்லாண்டின் 78வதும் 81வதும். பிறகு கோலின் 27வதும் கிரெனடியர் பட்டாலியனும். ஆஸ்வால்டின் 58வதும் வாட்வில் ரெஜிமென்டும் ஆதரவுக்கு. 20வது ரெஜிமென்ட் மட்டும் கடற்கரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

பிரான்ஸ்: இடது பக்கம் கொம்பேரின் 1வது லைட், 42வது லைன் (வழக்கமான காலாட்படை). நடுவில் பெய்ரியின் போலந்துக்காரர்களும் ஒரு சுவிஸ் பட்டாலியனும். வலது பக்கம் திகொனேயின் 23வது லைட்டும் குதிரைப்படையும். இடது முன்னே, வலது பின்னே எனப் படிப்படியாக வந்தார்கள்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று. பிரிட்டிஷார் இரண்டு ஆள் ஆழத்தில் நிற்பவர்கள். 200 பேர் 55 மீட்டர் பிடிப்பார்கள், ஆகவே 40 மி.மீ. பேஸ் ஒன்றுக்கு 145 பேர்தான் வரும். 600 பேர் பட்டாலியனுக்குப் பிரெஞ்சுக்காரர் 3 பேஸ், பிரிட்டிஷார் 4 பேஸ். அதாவது அதே ஆள் கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கு அதிகத் துப்பாக்கி முன்னால் நிற்கிறது. பெரும்பாலான விதிகள் இதற்கு மேல் பிரிட்டிஷ் சுடுதலுக்கு +1 வேறு கொடுக்கின்றன. பேஸையும் கூட்டி +1ஐயும் கொடுத்தால் ஒரே சாதகத்தை இரண்டு தடவை எண்ணுகிறோம், ஆட்டம் மூன்றாவது சுற்றில் முடிந்துபோகும். ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள். நான் +1ஐத்தான் எடுப்பேன்.

20வது ரெஜிமென்டுக்கு: 5வது சுற்றிலிருந்து ஒரு பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிரிட்டிஷ் இடது மூலையில் நுழையும். அதுவரை அந்த மூலை திறந்தே கிடக்கிறது, பிரெஞ்சுக் குதிரைப்படைக்குச் சபலம் வரும். வரட்டும், அதற்குத்தான் வைத்திருக்கிறோம்.

இன்னொரு சின்ன விதி. பிரெஞ்சுப் பக்கம் நின்ற சுவிஸ் பட்டாலியன் சிவப்பு கோட்டு. புகையிலும் புழுதியிலும் 78வது ரெஜிமென்ட் அவர்களைத் தங்கள் வாட்வில் ரெஜிமென்ட் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சுடாமல் இருந்தது. ஆகவே சுவிஸ் மீது முதல் தடவை சுடும் எந்தப் பிரிட்டிஷ் அலகும் பகடையில் 3க்கு மேல் போட வேண்டும், தவறினால் அந்தச் சுற்று சுடக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் பயன்படும், ஆனால் பிரெஞ்சு ஆட்டக்காரர் அந்தப் பட்டாலியனை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

வரைபடப்பித்தன்:

கணக்கு புரிகிறது. மைடாவில் பிரெஞ்சுக்காரர் நெடுவரிசையிலா (ஒடுங்கி, ஆழமாக) வந்தார்கள், வரிசையிலா (அகல விரிந்து)? நான் படித்தவை இரண்டு விதமாகவும் சொல்கின்றன.

பகடைப்பத்து:

ரொம்ப காலம் இதைத்தான் "பிரெஞ்சு நெடுவரிசை எதிர் பிரிட்டிஷ் வரிசை" என்பதற்குப் பாட உதாரணமாகச் சொல்லிவந்தார்கள். இப்போதைய கருத்து, 1வது லைட் வரிசையாக விரிந்தே வந்தது என்பது. மேசையில் ஆட்டக்காரர் விருப்பத்துக்கு விடுங்கள். எந்த அமைப்பில் வந்தாலும் 12 செ.மீ.க்குள் இரண்டு தடவை சுடு வாங்கும்படி நகர்வு வேகம் இருந்தால் போதும்.

கரையோரம்:

அண்ணை, உங்களிட்ட ரஷ்யா 12 பட்டாலியன் இருக்கேக்க மைடாவுக்கு ஏன் போறியள்? டூர்ன்ஷ்டைனைப் பாருங்கோ. 1805 நவம்பர் 11, டான்யூப் ஆற்றின்ர வடகரை. பிரெஞ்சு மார்ஷல் மோர்த்தியேயின்ர படையில கசானின்ர ஒரே டிவிஷன், கிட்டத்தட்ட 6,000 பேர், முன்னுக்குப் போய் மாட்டிக்கொண்டது. எதிரில ரஷ்யத் தளபதி குத்தூசவ், நாள் முழுக்க வந்து சேர்ந்தவையையும் கூட்டினால் 20,000க்கு மேல.

திட்டம் ஆஸ்திரிய ஜெனரல் ஷ்மிட்டினது. ரஷ்ய ஜெனரல் மிலராதொவிச் கிழக்கிலிருந்து நேராக மோதி பிரெஞ்சுக்காரரைப் பிடிச்சு வைச்சிருக்க வேணும். இன்னொரு ரஷ்ய ஜெனரல் தொக்தூரொவ் மலைப் பாதையால சுத்திப் போய் டூர்ன்ஷ்டைனுக்குப் பின்னால இறங்க வேணும். பாதை படுமோசம், பீரங்கியை விட்டிட்டுத்தான் போக வேண்டி வந்தது. அவர் இறங்கேக்க பொழுது சாயுது. ஷ்மிட் அந்தச் சண்டையிலயே செத்துப்போனார். பிறகு இருட்டில மேற்கிலிருந்து டூப்போனின்ர பிரெஞ்சு டிவிஷன் ஓடிவந்து தொக்தூரொவுக்குப் பின்னால மோதியது. ஆற்றங்கரையில ஆளாளை மாறி மாறிச் சுத்தி வளைச்ச சண்டை. கசானின்ர ஆக்களில ஐந்தில இரண்டு பங்கு போச்சு.

மேசைக்கு 1 செ.மீ. = 20 மீட்டர் எண்டு வையுங்கோ. 6 அடியில 3.6 கி.மீ. வரும், டூர்ன்ஷ்டைனின்ர கிழக்கு வாசலிலிருந்து ரோத்தன்ஹோஃப் பக்கம் வரைக்கும் போதும். நடுவில ஓபர்லொய்பன், உன்டர்லொய்பன் இரண்டு ஊர். பட்டாலியன் ஒண்டுக்கு 3 செ.மீ. பேஸ் இரண்டு. உங்கட 40 மி.மீ. பேஸிலயே ஆடுறதெண்டால் அப்படியே இரண்டு பேஸ் வையுங்கோ, கொஞ்சம் நெருக்கமா இருக்கும், பிழையில்லை. சமவெளி ஒரு கி.மீ. அகலம் கூட வராது, மேசையில 50 செ.மீ.க்குள்ள. தெற்கு ஓரம் டான்யூபுக்கு 10 செ.மீ. நீலத் துணி. மிச்சமெல்லாம் படிப்படியான திராட்சைத் தோட்டம். 4 அடி முழுக்கப் பாவிக்க வேண்டாம், 3 அடி காணும்.

திராட்சைத் தோட்டத்துக்குக் கல்லுச் சுவர் இருக்கு. அதைக் குறுக்க கடக்கிற காலாட்படைக்குப் பாதி வேகம், வரிசையா நிக்கேலாது, ஸ்கிர்மிஷருக்கு (சிதறி நிண்டு சுடுறவைக்கு) மறைப்பு. குதிரைப்படைக்கும் பீரங்கிக்கும் சாலை மட்டும்தான்.

படை: கசானுக்கு 4வது லைட், 100வது லைன், 103வது லைன், எல்லாமாய் 9 பட்டாலியன். பீரங்கி ஒரே ஒரு பேட்டரி, அதுவும் பாதிப் பலம். டிராகூன் (குதிரைப்படை) ஒரு ரெஜிமென்ட். டூப்போனுக்கு மிச்சம் 5 பட்டாலியன். உங்கட 14 சரியா முடியுது. ரஷ்யாவுக்கு மிலராதொவிச்சிட்ட 5, தொக்தூரொவிட்ட 7. ரஷ்யப் பட்டாலியனைச் செத்தாலும் ஒருக்கால் திரும்பக் கொண்டுவரலாம் எண்டு வையுங்கோ, அப்பத்தான் எண்ணிக்கை விகிதம் சரிவரும்.

மூன்றாம்வரிசை:

நல்ல தேர்வுதான். ஒரு சிக்கல்: தொக்தூரொவ் வருவார் என்று பிரெஞ்சு ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிட்டால் மோர்த்தியே செய்ததை அவர் செய்யவே மாட்டார். முதல் சுற்றிலேயே மூன்று பட்டாலியனைப் பின்னால் திருப்பி மலைவாயில் நிறுத்துவார்.

இதற்கு வருகையைக் குலுக்கலில் விட வேண்டும். சுற்று ஒன்று அரை மணி நேரம் என்றால், காலை 8 மணிக்குத் தொடங்கி இருட்டும் வரை 16 சுற்று. 8வது சுற்றில் தொக்தூரொவுக்கு ஒரு பகடை, 6 விழுந்தால் வருவார். 9வது சுற்றில் 5 போதும், 10இல் 4, இப்படியே இறங்கும். 10வது சுற்று முடிவதற்குள் வந்துவிடும் வாய்ப்பு 72%. 13க்கு மேல் தாண்டாது. இது மாதிரி ஏறும் வாய்ப்பு, "10வது சுற்றில் வருவார்" என்று எழுதிவைப்பதைவிட எவ்வளவோ மேல். டூப்போனுக்கும் அதே முறை, 12வது சுற்றிலிருந்து.

எங்கே இறங்குவார் என்பதையும் மறையுங்கள். மலை விளிம்பில் மூன்று பாதை வரைந்து, ரஷ்ய ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு முன்பே ஒரு சீட்டில் எண்ணை எழுதி மடித்துவைக்கட்டும்.

இன்னொன்று, வருகிற படை மொத்தமும் ஒரே சுற்றில் மேசையில் குதிக்கக் கூடாது. 600 பேர் பட்டாலியன் நால்வர் நால்வராகச் சாலையில் நடந்தால் இடைவெளியோடு 200 மீட்டர் நீளும். ஆறு பட்டாலியன் 1.2 கி.மீ. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் தலை வந்து வால் வர 18 நிமிடம். அது நல்ல சாலையில். மலைப் பாதையில் இரண்டு பேர் அகலத்துக்குத்தான் இடம், வேகமும் பாதி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே தொக்தூரொவின் 7 பட்டாலியனும் சுற்றுக்கு இரண்டு என்று வரட்டும். இந்த ஒரு விதி இல்லாததால்தான் பாதி சினாரியோக்களில் உதவிப்படை மந்திரம் போட்டதுபோல் தோன்றி எதிரியை முடித்துவிடுகிறது.

கரையோரம்:

ஓம், சுற்றுக்கு இரண்டு சரி. சீட்டு யோசனையும் நல்லது. ஆனால் மூண்டு பாதையில ஒண்டு நேரா டூர்ன்ஷ்டைனுக்குள்ள இறங்க வேணும், மற்ற இரண்டும் ஊருக்கு இந்தப் பக்கம். இல்லாட்டி டூப்போன் வந்து மோத ஆளே இருக்காது.

எதிர்க்கட்சி:

கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். அதிகம் ஆடப்படாத போர் என்றால் அதில் ஏதோ புதையல் இருக்கிறது என்ற நினைப்பே எனக்குச் சந்தேகம். பல போர்களை யாரும் ஆடாததற்குக் காரணம் அவை ஒருதலைப்பட்சமானவை என்பதுதான். கோர்டே, 1813 செப்டம்பர் 16: பிரெஞ்சுத் தளபதி பெஷூவிடம் சுமார் 3,000, எதிர்த்த கூட்டணித் தளபதி வால்மோடனிடம் 12,000 வரை. ஹாஸ்லாக்-யுங்கிங்கன், 1805 அக்டோபர் 11: டூப்போனின் ஒரே டிவிஷன், எதிரே ஆஸ்திரியத் தளபதி மாக்கின் ஆட்கள் நாலைந்து மடங்கு. இவற்றில் "யோசிக்க ஏதாவது" எங்கே இருக்கிறது?

மூன்றாம்வரிசை:

வெற்றி நிபந்தனையில் இருக்கிறது. களத்தைப் பிடித்தவர் வென்றார் என்று வைத்தால் கோர்டே ஆடத் தகுதியில்லாதது. பெஷூவின் பட்டாலியன் ஒவ்வொன்றும் மேற்கு ஓரத்தை விட்டு ஒழுங்கோடு வெளியேறினால் 2 புள்ளி, குலைந்து வெளியேறினால் 1, 6வது சுற்று வரை மேட்டைப் பிடித்திருந்தால் கூடுதலாக 3 என்று வையுங்கள். இப்போது பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இன்னும் ஒரு சுற்று நிற்கலாமா? எதிராளிக்கும் அவசரம் வந்துவிடுகிறது, ஏனென்றால் அவர் படை மூன்று திசையிலிருந்து பிரிந்து வருகிறது.

ஹாஸ்லாக்கில் விஷயமே வேறு. ஆஸ்திரியக் குதிரைப்படை அல்பெக்கில் பிரெஞ்சு மூட்டை முடிச்சுகளைப் பார்த்ததும் கொள்ளைக்குப் போய்விட்டது. அதை விதியாக்குங்கள்: மேசையின் வடகிழக்கு ஓரத்தில் வண்டிகள், அவற்றுக்கு 30 செ.மீ.க்குள் வரும் ஆஸ்திரியக் குதிரை அலகு ஒரு பகடையில் 1, 2 அல்லது 3 விழுந்தால் போருக்குத் திரும்பாது. யுங்கிங்கன் ஊர் பல தடவை கைமாறியது, அதற்கென்று தனிப் புள்ளி. ஆள் கணக்கு சமமாக இருக்கத் தேவையில்லை. இரண்டு பேருக்கும் வெவ்வேறு வேலை இருந்தால் போதும்.

எதிர்க்கட்சி:

புள்ளிக் கணக்கை எவ்வளவு மாற்றினாலும் நான்கு மடங்கு படையை நகர்த்துகிறவருக்கு நகர்த்தும் வேலை, சிறிய படைக்காரருக்குக் காத்திருக்கும் வேலை. நால்வர் ஆட்டத்தில் அது சரிவராது. கோர்டேயை இருவர் ஆட்டத்துக்கு வையுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம்வரிசை:

நியாயம். நால்வருக்கு வேண்டாம்.

கழிமுகம்:

நால்வர், இரண்டு பக்கமும் வேலை, விடை தெரியாத போர். இந்த மூன்றுக்கும் பொருந்துவது மின்சியோ. 1814 பிப்ரவரி 8, வட இத்தாலி. ஜனவரியில் நேப்பிள்ஸ் மன்னர் முரா ஆஸ்திரியா பக்கம் சாய்ந்ததும், பிரெஞ்சுப் பக்கத் தளபதி யூஜீன் பின்வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று ஆஸ்திரியத் தளபதி பெல்லகார்ட் நினைத்தார். அவரைத் துரத்த மின்சியோ ஆற்றைக் கிழக்கிலிருந்து மேற்கே கடந்தார். அதே காலையில் யூஜீன், ஆஸ்திரியரை அடிக்க, தெற்கே கோய்த்தோவிலும் மாந்துவாவிலும் மேற்கிலிருந்து கிழக்கே கடந்தார். இரண்டு தளபதிகளும் எதிரியின் கரையில் நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் அது தெரியாது!

பொர்கெத்தோவில் பாலம் தாண்டிய ஆஸ்திரியர்கள் மொன்சம்பானோ பக்கத்தில் வெர்தியேயின் சிறிய படையை அழுத்தினார்கள். தெற்கிலிருந்து ஏறிய யூஜீன், பொத்சோலோவில் நின்ற ஆஸ்திரிய ரிசர்வ்மீது மோதினார். இரு பக்கமும் தலைக்கு 34,000 போல. யாருக்கும் தீர்ந்த வெற்றியில்லை. இரவில் ஆஸ்திரியர்கள் பாலம் தாண்டித் திரும்பினார்கள், யூஜீனும் பிறகு பழைய கரைக்கே போய்ச் சேர்ந்தார்.

இதைப் பட்டாலியன் விதியில் தொடாதீர்கள். பிரிகேட் விதி, 1 செ.மீ. = 80 மீட்டர். 6 அடியில் 14 கி.மீ. வரும், மொன்சம்பானோவிலிருந்து கோய்த்தோவுக்குச் சற்று வடக்கு வரை. 2,500 பேர் பிரிகேட் ஒரு அலகு என்றால் பக்கத்துக்கு 14 அலகு, ஆளுக்கு 7. சுற்று ஒன்று ஒரு மணி. எட்டு ஒன்பது சுற்றில் இருட்டிவிடும். ஆறு மேசையின் நீளவாக்கில் ஓட வேண்டும். பலரும் ஆற்றை நடுக்கோட்டில் வைத்துவிடுவார்கள். மேற்குக் கரைக்கு 45 செ.மீ., கிழக்குக் கரைக்கு 75 செ.மீ. விடுங்கள், வில்லாஃப்ராங்கா சமவெளியில்தான் குதிரைப்படைக்கு இடம் வேண்டும்.

நடத்துவது எப்படி:

முதலில் மேசை கிடையாது. இரு அணிக்கும் தனித்தனியாக ஒரு வரைபடப் பிரதி, தனித்தனியாக ஒரு பக்கக் கட்டளைத் தாள். யூஜீன் அணிக்கு: "எதிரி கிழக்குக் கரையில் பரவி நிற்கிறான், அடி." பெல்லகார்ட் அணிக்கு: "எதிரி பின்வாங்குகிறான், துரத்து." இரண்டும் அவரவர் நம்பியதுதான், பொய் சொல்லவில்லை. 20 நிமிடத்தில் எந்தப் பிரிகேட் எந்தப் பாலத்தில் எந்த வரிசையில் கடக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பாலத்தில் சுற்றுக்கு மூன்று பிரிகேட்தான் கடக்கலாம். முதல் இரண்டு சுற்றை நடுவர் காகிதத்திலேயே ஓட்டிவிட்டு, கண்ணில் படுகிற அலகுகளை மட்டும் மேசையில் வைப்பார். கட்டளையை மாற்ற வேண்டுமானால் மாற்றுத் தாள் ஒரு சுற்று தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

இதில் வழக்கமாகக் கெடும் இடம் பாலம். இரு அணியும் பயந்துபோய்ச் சொந்தக் கரைக்கே திரும்பிவிட்டால் இரண்டு படையும் இடம் மாறிக்கொண்டதுதான் மிச்சம், சண்டை இருக்காது. அதைத் தடுக்க: பொர்கெத்தோ பாலமும் வலேஜோ மேடும் ஆஸ்திரியருக்கு 4 புள்ளி, மொன்சம்பானோ பாலம் பிரெஞ்சுக்காரருக்கு 3. அதோடு எதிரிக் கரையில் இருட்டும்போது ஒழுங்கோடு நிற்கும் பிரிகேட் ஒவ்வொன்றுக்கும் 1.

வரைபடப்பித்தன்:

நடுவர் என்றால் ஐந்தாவது ஆள் வேண்டுமே?

கழிமுகம்:

ஆம். முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். அதன்பின் அவர் எழுந்து போகலாம், இல்லையென்றால் வெர்தியேயை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பகடைப்பத்து:

மின்சியோ நல்லதுதான், ஆனால் "ஆஸ்திரியா 10 பட்டாலியன்" என்று கையிருப்பைப் பார்த்துச் சொல்கிறேன்: பட்டாலியன் எண்ணிக்கையை வைத்துப் படையைப் பிரிப்பது பொதுவாகவே ஆபத்து. 1808 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகு பிரெஞ்சுப் பட்டாலியன் 6 கம்பெனி, காகிதத்தில் 840 பேர், களத்தில் 500, 600. 1809இல் ஆஸ்திரியப் பட்டாலியனும் 6 கம்பெனிதான், ஆனால் காகிதத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அதே ஆஸ்திரியா 1805இல் வேறு: போர் தொடங்கும் தறுவாயில் மாக் 4 கம்பெனிப் பட்டாலியனாக மாற்றிவிட்டார், அவை சிறியவை, அதிகாரிகளுக்கே புதுசு. மூன்று பேஸ் பட்டாலியன் என்று எல்லாருக்கும் ஒரே அச்சு போட்டால் 1809 ஆஸ்திரியா பலவீனமாகவும் 1805 ஆஸ்திரியா பலமாகவும் தெரியும். ஆள் கணக்கை எடுத்து 200ஆல் வகுங்கள், பேஸ் வரும். எத்தனை பட்டாலியன் என்பது அடுத்த கேள்வி.

ஆள் கணக்கிலும் எந்தத் தேதிக் கணக்கு என்று பாருங்கள். மாதத் தொடக்கத்துப் பட்டியலில் மருத்துவமனையில் இருப்பவரும் கோட்டைக் காவலுக்குப் போனவரும் சேர்ந்திருப்பார்கள். "ஆயுதத்தோடு அணிவகுத்தவர்" என்ற பத்தி இருந்தால் அதை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால், நெடும் நடைக்குப் பின் என்றால் ஐந்தில் ஒன்றைக் கழிப்பது வழக்கம்.

கரிசல்மண்:

ரஷ்யா இருக்கிறதே, கோலிமினை யாரும் சொல்லவில்லையே. 1806 டிசம்பர் 26, போலந்து. ரஷ்யத் தளபதி கோலீட்சின், 16,000 முதல் 18,000 பேர், 28 பீரங்கி. ஓடிப்போகத் தெம்பில்லாமல் களைத்துப்போய் நின்ற படை. எதிரே பிரெஞ்சு மார்ஷல்கள் முரா, தவூ, ஓஜெரோ, இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் சேற்றில் பிரெஞ்சுப் பீரங்கி வந்து சேரவே இல்லை. ஆகப் பெரிய படையிடம் பீரங்கி இல்லை, சிறிய படையிடம் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வு தானாகவே ஆட்டத்தைச் சமப்படுத்துகிறது, புள்ளி வித்தை எதுவும் தேவையில்லை. சேற்றுக்கு எல்லா நகர்விலும் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள், குதிரைப் பாய்ச்சலுக்குக் கூடுதல் வேகம் கிடையாது, குண்டு சேற்றில் புதைந்துபோவதால் பீரங்கியின் நெடுந்தூரப் பயனைப் பாதியாக்குங்கள். கேனிஸ்டரைத் தொடாதீர்கள். சேறு என்றதும் எல்லாவற்றையும் பாதியாக்கிவிடுகிறார்கள், அப்போது மூன்று மணி நேரம் நகர்வு மட்டுமே நடக்கும்.

ராஷின் (1809 ஏப்ரல் 19) இன்னொன்று. பொனியதோவ்ஸ்கியின் போலந்துப் படை சதுப்புக்குப் பின்னால், ஆஸ்திரியர் இரண்டு மடங்கு. சதுப்பின் மேல் கரைச் சாலைகள், முன்னால் ஃபலென்டி ஊர், அங்கேதான் கவிஞரும் கர்னலுமான கொதெப்ஸ்கி விழுந்தார். சதுப்பை முழுத் தடையாக வைத்தால் ஆஸ்திரியர் ஒரு கரைச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கிர்மிஷர் மட்டும் கால் வேகத்தில் கடக்கலாம் என்று விட்டால் போலந்து ஆட்டக்காரர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிவரும். ஆட்டம் உயிர்பெறும்.

வரைபடப்பித்தன்:

போலந்து உருவம் கையில் இல்லை. பிரெஞ்சை வைத்து ஒப்பேற்றலாமா?

கரிசல்மண்:

தொப்பி இடிக்கும். போலந்துக்காரருக்குச் சதுர மேல்தட்டுள்ள சாப்கா, அது இல்லாமல் ராஷின் ராஷினாகத் தெரியாது. கோலிமினுக்கு அந்தத் தொந்தரவில்லை. டிசம்பர் மாதம், எல்லாரும் கிரேட்கோட்டு. கிரேட்கோட்டு போட்ட பிரெஞ்சு உருவம் 1806 முதல் 1814 வரை ஏறத்தாழ எங்கும் செல்லும், புதிதாக வாங்குவதானால் அதையே வாங்குங்கள். டூர்ன்ஷ்டைனுக்குத்தான் இடிக்கும். 1805இல் பிரெஞ்சு லைன் காலாட்படைக்கு ஷாகோ (உயரமான உருளைத் தொப்பி) வரவில்லை, இரண்டு மூலைத் தொப்பிதான். 4வது லைட் மட்டும் ஷாகோ. மூன்றடி தூரத்தில் பார்க்கும்போது 15 மி.மீ.யில் யாருக்குத் தெரியப்போகிறது என்பது என் கட்சி.

கரையோரம்:

எங்களுக்குத் தெரியும்.

தாமிரக்கரை:

ஒரு சந்தேகம். நம்ம ஊர்ப் படை ஆடிய அசாயி (1803) இந்தப் பட்டியலில் வராதா? மெட்ராஸ் சிப்பாய் பட்டாலியன்களும் 4, 5, 7வது மெட்ராஸ் குதிரை ரெஜிமென்ட்களும் இருந்தார்களே.

மூன்றாம்வரிசை:

காலம் சரி, ஆனால் அசாயி எல்லாரும் ஆடியது. அதே ஆண்டு நவம்பர் 29இல் நடந்த ஆர்காமைப் பாருங்கள். தொடக்கத்திலேயே பீரங்கிச் சூட்டில் சிப்பாய் பட்டாலியன்கள் சில கலைந்தோட, பிரிட்டிஷ் தளபதி வெல்லஸ்லி நேரில் போய்த் திரட்டி மறுபடி அணிவகுத்தார். முதல் மூன்று சுற்று அந்தத் திரட்டலிலேயே போகும், பிறகு ஒருதலைப்பட்சம். மராத்தாப் பீரங்கி வரிசையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். இந்த இழைக்காரர் கையிருப்புக்கு ஒத்துவராது, தனி இழை போடுங்கள்.

வரைபடப்பித்தன்:

சரி. முதலில் டூர்ன்ஷ்டைன், நடுவர் கிடைக்கும் நாளில் மின்சியோ. டூர்ன்ஷ்டைனுக்கு மேசை வரைய உட்கார்ந்திருக்கிறேன், மூன்று கேள்வி. ஊர்களை எவ்வளவு பெரிதாக வைப்பது? மலையைப் படிப்படியாக அடுக்கினால் உருவம் நிற்குமா? இருட்டியபின் என்ன செய்வது?

கரையோரம்:

ஊர்: 1 செ.மீ. = 20 மீட்டர் கணக்கில லொய்பன் ஊர்கள் ஒவ்வொண்டும் 12×8 செ.மீ. காணும். 15 மி.மீ. வீடு இரண்டு வைச்சாலே நிறைஞ்சிடும். வீட்டைத் தனித்தனியா எண்ணாதேங்கோ. ஒரு பழுப்புத் துணித்துண்டு வெட்டி, அந்தத் துணிக்குள்ள நிண்டால் ஊருக்குள்ள எண்டு வையுங்கோ. ஒரு ஊருக்குள்ள இரண்டு பட்டாலியன்தான் கொள்ளும். வீடு உருவத்துக்கு இடைஞ்சல் எண்டால் தூக்கிப் பக்கத்தில வைக்கலாம், துணி இருந்தால் எல்லை மாறாது.

மலை: 10 மி.மீ. தெர்மோகோல் பலகையை மூண்டு படி அடுக்குங்கோ, ஒவ்வொரு படியும் குறைஞ்சது 6 செ.மீ. அகலம். பேஸ் ஆழம் 3 செ.மீ. எண்டால் முன்னும் பின்னும் இரண்டு பேஸ் நிக்கலாம். சரிவா சீவினால் உலோக உருவம் வழுக்கி விழும், பெயின்ட் போகும். படியாவே விடுங்கோ, உண்மையிலயும் அந்தத் தோட்டம் படிதான். விளிம்பில 3 மி.மீ. அட்டை ஒட்டினால் கல்லுச் சுவர்.

மூன்றாம்வரிசை:

இருட்டுக்கு: நவம்பரில் அங்கே மாலை நாலேகாலுக்கே சூரியன் போய்விடும். ஆகவே 17வது சுற்றிலிருந்து பார்வைத் தூரம் 10 செ.மீ. சுடும் தூரம் 5 செ.மீ. அதற்குள் யார் வந்தாலும், நண்பனா எதிரியா என்று இரண்டு பக்கமும் ஒரு பகடை போட வேண்டும், 1 விழுந்தால் சொந்த ஆள்மீதே ஒரு தடவை சுடும். இருட்டில் நான்கு சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள். கசானின் பட்டாலியன்களில் எத்தனை மேற்கு ஓரத்தை எட்டின என்று எண்ணுங்கள்: 5 அல்லது அதற்கு மேல் என்றால் பிரெஞ்சு, 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் ரஷ்யா, 4 என்றால் சமம்.

எதிர்க்கட்சி:

படகை விட்டுவிட்டீர்கள். ஆற்றில் பிரெஞ்சுக்காரருக்குப் படகுகள் இருந்தன. மோர்த்தியேயைப் படகில் ஏறித் தப்பச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார் என்பது பிரபலமான கதை. ஆட்டக்காரர் மறுப்பாரா?

கரையோரம்:

மறுக்க மாட்டார், அதுக்குத்தான் விலை வைக்க வேணும். படகு இரண்டு, சுற்றுக்கு ஒரு பேஸ் ஏத்தலாம், கரையில நிக்கிற பட்டாலியன் அந்தச் சுற்றுச் சுடேலாது. படகில போன பேஸ் தப்பின பட்டாலியன் கணக்கில சேராது. மோர்த்தியே உருவம் ஏறினால் பிரெஞ்சு மிச்சப் பட்டாலியன் எல்லாத்துக்கும் மனவுறுதிப் பகடையில ஒண்டு குறையும். ஏறுறதும் விடுறதும் அவற்ர பாடு.